லெட்டூஸ் தூங்கிய சாளை

பாவாயி முறத்தைத் தொடையில் சாய்த்து வைத்துக்கொண்டு, காய்ந்த லெட்டூஸ் பூத்தலைகளை உள்ளங்கைக்குள் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். கசக்கினால் பஞ்சு ஒரு பக்கம் பறக்கும், விதை ஒரு பக்கம் விழும், விதை என்றால் சீரகத்தைப் பட்டினி போட்டு இளைக்க வைத்த மாதிரி அத்தனை சன்னம். சுருக்காக முடிக்க வேண்டிய வேலை. பங்குனி வெயில் புளியமரத்து உச்சியைத் தாண்டி, தோட்டத்துக் கொட்டகையான இந்தச் சாளைக் கூரையில் இறங்கிவிட்டால் முறத்தில் கிடக்கிற விதையெல்லாம் குறட்டை விட ஆரம்பித்துவிடும், அப்புறம் அதுகளைப் புடைக்க யாருக்கும் கை வராது, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற மாதிரி இருக்கும். அதனால் அவள் பஞ்சை ஊதுகிறபோதுகூட உதட்டைக் குவித்து, பாதி ஆறின பாலை ஊதுகிற மாதிரி, மெள்ள மெள்ள ஊதினாள்.

செங்காட்டுப்புதூருக்கு இந்தக் குறட்டை வந்து சேர்ந்தது போன சித்திரையில். வந்த வழி ஒரு பொய். பொய்யைச் சொன்னது பாவாயியின் மாமியார் மயிலாத்தாள்.

மயிலாத்தாள் மகள் ரேணுகாவைக் கோயமுத்தூரில் கட்டிக் கொடுக்கப் பேசி, நிச்சயத்துக்கு ஒரு வேன் நிறைய சனத்தோடு போனபோது, மாப்பிள்ளை வீட்டார் பெரிய ஓட்டலில் விருந்து வைத்தார்கள். கட்லெட்டுக்கு அடியில் சுருக்கம் சுருக்கமாக ஒரு பச்சை இலையைப் பரப்பியிருந்தார்கள். தட்டு அழுக்காகாமல் இருக்கப் போட்டதாக்கும் என்று எங்கள் பக்கத்து சனம் முழுக்க இலையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கட்லெட்டை மட்டும் தின்றது. மாப்பிள்ளையின் அம்மா சாந்தாமணி, மூக்கின்மேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சிரிப்பென்றும் சொல்ல முடியாத, சிரிப்பில்லை என்றும் சொல்ல முடியாத ஒரு சிரிப்போடு சொன்னாள்.

"லெட்டூஸுங்க. சாப்பிடலாமுங்க. உங்க ஊர்ப்பக்கம் பாத்திருக்க மாட்டீங்க."

மயிலாத்தாளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. அவள் மகளிர் குழுத் தலைவி, பால் சொசைட்டியில் கேள்வி கேட்கிறவள், ஊரில் அவள் வந்து நிற்காமல் ஒரு பந்தல்கால் நட்டதில்லை.

"இதுங்களா? எங்க வாய்க்கா மேட்டுல மாட்டுக்கே போடறமுங்க," என்றாள்.

வேனில் வந்த சனம் ஒட்டுக்காகத் தலையைக் குனிந்துகொண்டது. சாந்தாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "அப்படிங்களா? அப்ப ஆவணியில கல்யாணத்துக்கு உங்க காட்டு லெட்டூஸே வெச்சிரலாமுங்க. எனக்கும் ஆசைதான்," என்றாள்.

திரும்பி வருகிற வழியில் மயிலாத்தாள் உக்கடத்தில் வேனை நிறுத்தி, விதைக்கடையைத் தேடிப் பிடித்து, இலைப்படம் போட்ட பாக்கெட்டுகளை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

இனி பாவாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அஞ்சாவதோடு நின்றவள். கொள்ளுப்பாட்டியின் பேரைத் தூக்கி வைத்துவிட்டார்களே என்று பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுகிறபோதெல்லாம் வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, அந்த வெட்கம் குரலுக்குள் இறங்கி, கல்யாணமாகி வந்து இத்தனை நாளில் மாமியாரிடம் அவள் முழுசாக ஒரு பேச்சுப் பேசினதில்லை. "ம்" என்பாள். "இல்லீங்க" என்பாள். ரொம்ப அவசரம் என்றால் தலையை இரண்டு தரம் ஆட்டுவாள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், ஞாயிற்றுக்கிழமை வந்து, சாப்பிட்டு, தூங்கிவிட்டுப் போவான். பாவாயிக்கு அந்தத் தூக்கத்தைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருக்கும். ஏனென்றால் அவளுடைய பாப்பா பிறந்த நாளிலிருந்து தூங்கவில்லை. கண்ணை மூடும், அம்மாக்காரி கையை எடுத்ததும் திறந்துகொண்டு வீறிடும். வசம்பு சுட்டு நாக்கில் தடவினார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், தொட்டில் சேலையை மாற்றினார்கள், திசையை மாற்றினார்கள், பக்கத்துத் தோட்டத்து நாட்ராயன் பெண்டாட்டி வந்து பாட்டுப் பாடினாள், பாட்டு முடிவதற்குள் அவள் தூங்கிவிட்டாள், பாப்பா தூங்கவில்லை. பாவாயி அடுப்புக்கு முன்னால் நின்றபடி தூங்கினாள், கொட்டத்தில் மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்கினாள், ஒரு நாள் உரலுக்குள் கையை விட்டபடி தூங்கினாள். எல்லாம் கண் சிமிட்டுகிற நேரம்தான். தூக்கம் என்கிற சாமி தன்னை மட்டும் மறந்துபோய்விட்டது என்று முடிவு கட்டி, அதற்கும் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தாள்.

மயிலாத்தாள் விதையை ஊற வைத்தாள். செங்காட்டுப்புதூரில் விதை என்றால் நெல்விதைதான். நெல்லை எப்படி முளைகட்டுவார்கள்? ராத்திரி முழுக்க ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி, கீழே வைக்கோல் மேலே வைக்கோல் போட்டு மூடி, அதன்மேல் கல்லைத் தூக்கி வைத்துவிடுவார்கள், உள்ளே கொதகொதவென்று சூடேறி, பிரித்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக முளை சிரிக்கும். குழுப் பெண்கள் அதைத்தான் செய்தார்கள். பழைய வேட்டித்துணியில் விதையை முடிந்து, தோட்டத்துச் சாளையில், தகரக் கூரைக்கு அடியில், வைக்கோலுக்குள் புதைத்து, ஆட்டுக்கல்லைத் தூக்கி மேலே வைத்தார்கள். அக்னி நட்சத்திரம் வேறு. உள்ளே கையை விட்ட மயிலாத்தாள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, "நல்ல சூடு, நாளைக்கே முளைச்சிரும்," என்றாள்.

முளைக்கவில்லை. அடுத்த நாள் உச்சிப்பொழுதில் வைக்கோலுக்குள்ளிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

முதலில் பூனை என்றார்கள். வைக்கோலைக் கலைத்துப் பூனையைத் தேடினார்கள். அப்புறம் நாட்ராயனின் பங்காளி சென்னியப்பன் குடித்துவிட்டு உள்ளே கிடக்கிறான் என்றார்கள், அந்நேரம் சென்னியப்பனே பின்னால் நின்று, "நான் இங்கதான இருக்கறேன்," என்றான். கடைசியில் முடிச்சைத் தூக்கிக் காதில் வைத்தார்கள். முடிச்சுக்குள்ளிருந்துதான். இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, உதட்டை உருட்டி விடுகிற மாதிரி, ஆயிரக்கணக்கான சின்னக் குறட்டைகள் ஒன்றுசேர்ந்த ஒரு பெரிய குறட்டை.

மயிலாத்தாள் முடிச்சை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டாள். "போய்ச் சேர்ந்த எங்க வீட்டு மனுசன் விடறாப்பலயே இருக்குது," என்றாள். உடனே குரலை மாற்றிக்கொண்டு, "அந்தாளு இதவிட மோசம். கூரையே தூக்கும்," என்றாள்.

வேளாண்மை ஆபீசர் வந்தார். சின்ன வயசு, புல்லட்டை ஓரமாக நிறுத்திவிட்டு, குனிந்து கேட்டு, முடிச்சைப் பிரித்து ஒரு விதையை நகத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார்.

"ஒண்ணும் கெட்டுப்போகலீங்க. லெட்டூஸ் குளிர்நாட்டுப் பயிருங்க. ஈரத்துல ஊறிட்டு மேல சூடு பட்டா இந்த விதை, 'இது முளைக்கிற காலமில்லை'ன்னு நெனச்சு உள்ளயே படுத்துக்குமுங்க. நெல்லு மாதிரி சூட்டுல எந்திரிக்காது, குளிர்லதான் எந்திரிக்கும். ஈரமணல்ல, மண்பானையில, நெழல்ல வைங்க. முடிஞ்சா பிரிட்ஜுல வைங்க. பொறவு எடுத்து, சாயங்காலமா, வெளிச்சம் படறாப்பல மேலாப்புல தூவுங்க. ஆழமாப் போட்றாதீங்க."

"அதெல்லாஞ் சரி, கொறட்டை விடுதுங்களே?"

ஆபீசர் விதையை முடிச்சுக்குள் திரும்பப் போட்டார். "எங்களுக்குப் பாடத்துல வரலீங்க. ஆனா தூங்குனா கொறட்டை வரத்தான செய்யும்," என்றார். சொல்லிவிட்டு, வந்த அசதிக்குச் சித்தே உட்காருகிறேன் என்று வைக்கோல்மேல் சாய்ந்தவரைச் சாயங்காலம் டீ வைத்துக் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

அன்றைக்குத்தான் பாவாயி ஆபீசருக்கு மோர் கொண்டுவந்தவள், இடுப்பில் பாப்பாவோடு சாளை வாசலில் நின்றாள். பாப்பா வீறிட்டுக்கொண்டிருந்தது. குறட்டை அதன் காதில் விழுந்தது. அழுகை பாதியில் நின்றது. தலையைத் திருப்பி, யாரோ தெரிந்தவர் பேசுகிற மாதிரி கவனித்துக் கேட்டு, வாயைத் திறந்தபடி, பாப்பா அம்மாவின் தோளில் ஈரத்துணியாட்டம் தொங்கிவிட்டது. பாவாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை வைக்கோலில் கிடத்தினாள். கையை எடுத்தாள். கண் திறக்கவில்லை. மோர்ச்செம்பைக் கீழே வைத்தாள், பக்கத்தில் சாய்ந்தாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். தூக்கம் அவளைக் காலிலிருந்து தின்றுகொண்டு வந்தது, முழங்கால் போனது, இடுப்பு போனது, உரல் உலக்கை அடுப்பு ஆட்டுக்கல் எல்லாம் போனது, பேர்கூடப் போனது, கடைசியாக வெட்கமும் போனது, ஊரே நடந்துபோகிற பொழுதில் ஒரு பெண்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள்.

அதற்கப்புறம் ஊர் அந்தச் சாளையை எடுத்துக்கொண்டது. மத்தியானமானால் பாயும் தலையணையுமாகச் சனம் வந்தது. செருப்பை வேலிக்கு வெளியே விட வேண்டும், வெற்றிலையை வெளியிலேயே துப்பிவிட்டு வர வேண்டும், செல்போனைச் சோளக்குதிருக்குள் போட்டுவிட வேண்டும் என்று தானாக முறைமை ஏற்பட்டது. பொம்பளைகள் கிழக்குப்பக்கம், ஆம்பளைகள் மேற்குப்பக்கம், ஆபீசர் வந்தால் நடுவில். பஸ் கண்டக்டர், "கொறட்டைச் சாளையெல்லாம் இறங்கு," என்று விசில் அடிக்காமல் கையைத் தட்டிச் சொன்னார். வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசிக்கொள்ளாத பங்காளிகள் சென்னியப்பனும் நாட்ராயனும், இடம் பற்றாமல் பக்கத்துப் பக்கத்தில் படுக்க நேர்ந்து, ஒருத்தன் தொடையில் ஒருத்தன் காலைப் போட்டுத் தூங்கி எழுந்து, விழித்ததும் வெட்கப்பட்டு, வாய்தாவுக்கு ஒரே வண்டியில் போக ஆரம்பித்தார்கள். வழக்கை விடவில்லை, வண்டிச் செலவு மிச்சம். பக்கத்து ஊர்க்காரர்கள், எங்கள் ஊரில் வெண்டை விதையைச் சூட்டில் போட்டுப் பார்த்தோம், அழுகித்தான் போனது, உங்கள் மண்ணுக்கு ஏதோ சக்தி என்று தேங்காய் பழத்தோடு வந்தார்கள். மயிலாத்தாள் தேங்காயை வாங்கிச் சட்னிக்கு வைத்துக்கொண்டு, "சக்தியும் இல்ல ஒண்ணுமில்ல, சூடு," என்று அனுப்பினாள்.

ஆனால் கல்யாணம் இருந்தது. லெட்டூஸ் விதைத்து இலை பறிக்க இரண்டு மாசம் வேண்டும் என்று ஆபீசர் சொல்லியிருந்தார். வைகாசி போனால் ஆனி, ஆனி போனால் ஆடி, ஆவணியில் சாந்தாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவாள். மயிலாத்தாள் பானையில் ஈரமணலை நிரப்பி, விதை முடிச்சை நடுவில் புதைத்து, சாளையோரப் புங்கமரத்து நிழலில் வைத்தாள். காலையில் குறட்டை மெலிந்து, சன்னமாகி, ஒரு சிணுங்கலாகி, நிற்கப் போகிற மாதிரி வந்தது. தொட்டிலில் பாப்பாவின் கண் திறந்தது. உதடு பிதுங்கியது. பாவாயி ஓடிப்போய்த் தொட்டிலை ஆட்டினாள்.

அன்று மத்தியானம் யாரும் பார்க்காதபோது அவள் பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறைமேல், வெயிலுக்கு நேராக வைத்தாள். மணல் சுட்டது. குறட்டை கனத்தது. பாப்பா உதட்டை மடக்கிக்கொண்டு தூங்கியது. சாயங்காலம் பானையை நிழலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படி. மயிலாத்தாள் தினமும் பானைக்குள் கையை விட்டு, "என்ன கருமம் புடிச்ச வெதையோ, எத்தன குளிர வெச்சும் எந்திரிக்க மாட்டீங்குது," என்று தலையிலடித்துக்கொள்ளும்போது, பாவாயி கீழே குனிந்து வெங்காயம் உரித்தாள். வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று, கண்ணில் தண்ணீர் வந்தால் ஏனென்று யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் ரேணுகா அவளைத் தேடி அடுப்படிக்கு வந்தாள். வாயாடி, சிரிப்புக்காரி, அன்றைக்கு முகம் வீங்கியிருந்தது.

"அண்ணி, இலை வராது போல இருக்குது. அம்மா சொன்ன பொய்யி இன்னைக்கோ நாளைக்கோ முடிஞ்சிரும், அவங்க ஊர்ல இருக்கறாங்க. நாந்தான அங்க போயி இருக்கோணும். அந்தம்மா சிரிக்குமில்ல ஒரு சிரிப்பு, பாத்தீங்கல்ல? காலையில காப்பி குடுக்கறப்ப அந்தச் சிரிப்பு, சோறு போடறப்ப அந்தச் சிரிப்பு. 'உங்க ஊர்ல மாட்டுக்குப் போடுவீங்களே'ன்னு சாகற வரைக்கும் கேக்குமுங்க அண்ணி. நான் வாயே தொறக்க முடியாது. உங்களாட்டம் ஆயிருவேன்."

சொல்லிவிட்டு, சொன்னது உறைக்க, ரேணுகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாவாயி அடுப்பை அணைத்தாள். இலை முளைத்தால் பாப்பா விழித்துக்கொள்ளும். முளைக்காவிட்டால் ரேணுகா ஊமையாகிப் போவாள். பாப்பாவாவது வாய்விட்டு அழுகிறது, ஊமையானவள் எங்கே போய் அழுவாள்? பானையை இனிமேல் நிழலைவிட்டு நகர்த்துவதில்லை என்று மனசை இறுக்கிக்கொண்டு, அது நிழலில்தான் இருக்கிறதா என்று பார்க்கப் புங்கமரத்தடிக்குப் போனாள்.

பானை அங்கே இல்லை.

பாறைமேல் இருந்தது, உச்சி வெயிலில். அதன் பக்கத்தில் குடையை விரித்துச் சாய்த்துவிட்டு, முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்து, மயிலாத்தாள் பானையைக் கட்டிப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். குழுத் தலைவி. சொசைட்டியில் கேள்வி கேட்கிறவள். பானையும் அவளும் எசப்பாட்டுப் போல மாற்றி மாற்றிக் குறட்டை விட்டார்கள்.

பாவாயி நின்று பார்த்தாள். பாறைச்சூடு பாதத்தைச் சுட்டது. சிரிப்பு வந்தது, அடக்கினாள், மறுபடி வந்தது, அடங்கவில்லை. மயிலாத்தாள் விழித்து, மருமகளைப் பார்த்து, பானையைப் பார்த்து, பானையைத் தன் பின்னால் மறைக்கப் பார்த்து, அது மறையாமல் போக, "குளிருது பாவம்னு சித்தே வெயில்ல..." என்று இழுத்தாள்.

பாவாயி வாயைத் திறந்தாள். "அத்தை, நானும் தெனமும் வெச்சனுங்க," என்றாள். அதற்கப்புறம், திறந்த மடையை அடைக்கத் தெரியாதவளைப் போல, "பாப்பா தூங்குதுன்னு வெச்சனுங்க. நீங்க மாமாவுக்காக வெச்சிருப்பீங்க. ரேணுகாவுக்கு இலை வேணுமுங்க அத்தை. நாம ஒரு சிட்டிகை மட்டும் எடுத்து வெச்சுக்கலாமுங்க, மிச்சத்தை எழுப்பி விட்டுரலாமுங்க," என்றாள்.

மயிலாத்தாள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "ஏம்புள்ள, உனக்குப் பேச வருமா?" என்றாள். பிறகு எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, "நான் ஒண்ணும் அந்தாளுக்காக வெக்கல. வெயில்ல கெடந்தா பானைக்கு நல்லது," என்றாள். மருமகள் மறுபடி சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து மாமியாரும் சிரித்தாள்.

ஒரு சிட்டிகை விதையை மஞ்சள் துணியில் முடிந்து பாவாயி முந்தானையில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுப்பங்கரை வெக்கையிலும் உடம்புச் சூட்டிலும் அது சிணுசிணுவென்று, பாப்பாவுக்கு மட்டும் கேட்கிற அளவுக்குக் குறட்டை விட்டது. மிச்சத்தைப் பால் சொசைட்டிக்குக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் வைக்கக் கேட்டார்கள். பாலைத் தவிர வேறொன்றும் வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார் செயலாளர். மயிலாத்தாள், "அப்ப போன வாரம் உங்க மச்சான் கொண்டாந்து வெச்ச மீனு பால்ல சேருமுங்களா?" என்று கேட்டாள். வைத்தார்கள்.

ஊர் முழுக்கச் சாளையில் கூடி, தூங்குகிற விதையை எழுப்புவது பாவம் என்று ஒரு கட்சி, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஊர் மானம் போவது அதைவிடப் பாவம் என்று ஒரு கட்சி, இரண்டு கட்சியிலும் பாதிப்பேர் பேச்சின் நடுவிலேயே பழக்கதோஷத்தில் தூங்கிப்போனதால் முடிவெடுக்க முடியவில்லை. முடிவெடுக்காமலேயே விதை எழுந்தது. குளிர்பெட்டியைத் திறந்தபோது உள்ளிருந்து ஒரு கொட்டாவி வந்தது. செயலாளர் கொட்டாவி விட்டார், பால் ஊற்ற வரிசையில் நின்ற அத்தனை பேரும் விட்டார்கள், அது தெருவோடு போய் மாரியம்மன் கோயில் வரைக்கும் நடந்து, பூசாரி கற்பூரத்தட்டோடு வாயைப் பிளந்து நின்றார், கண்டக்டர் விட்டார், பஸ்ஸோடு அடுத்த ஊருக்கும் போயிற்று. முடிச்சைப் பிரித்தால், வெள்ளை வெள்ளையாக முளை.

ஆனிக்காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து குளுகுளுவென்று அடிக்க ஆரம்பித்திருந்தது. தென்னங்கீற்றில் நிழல் போட்டு, மேலாப்பில் தூவி, பாவாயி காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்தாள். ஆவணிக்குள் வாய்க்கால் மேடு பச்சைச் சுருக்கமாக விரிந்து கிடந்தது. இத்தனை வரும் என்று யாரும் எதிர்பார்க்காததால், பறித்தது போக மீந்ததை மயிலாத்தாள் மாட்டுக்கே போட்டாள். "நான் என்னைக்குப் பொய் சொன்னேன்?" என்று நாட்ராயன் பெண்டாட்டியிடம் கேட்டாள். மாடுகள் தின்றுவிட்டுக் கொட்டத்தில் நின்றபடியே தூங்கின.

கல்யாணம் தாராபுரத்தில், ஏசி மண்டபத்தில். அங்கேதான் வந்தது வினை. பாவாயி பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைய, குளிர்காற்று இடுப்பில் பட்டதும், முடிச்சுக்குள் குறட்டை விக்கியது. தொடையிடுக்கில் வைத்துச் சூடு பண்ணினாள், கையில் வைத்து ஊதினாள், சமையல்கட்டுக்கு ஓடினாள், சமையல்காரர் விருந்தாளி உள்ளே வரக்கூடாது என்று விரட்டினார். முடிச்சுக்குள் ஒரு சின்னக் கொட்டாவி கேட்டது. எல்லாம் எழுந்துவிட்டன. பாப்பாவும் எழுந்துவிட்டது.

அது அழுத அழுகையில் நாதஸ்வரக்காரர் சீவாளியை எடுத்துச் சோதித்துப் பார்த்தார். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாவாயிக்கு இந்தத் தரைக்குள் போய்விட்டால் தேவலை என்று இருந்தது. அந்நேரம் மேடைக்குப் பக்கத்துச் சோபாவிலிருந்து, இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, உதட்டை உருட்டி விடுகிற ஒரு குறட்டை எழுந்தது.

சாந்தாமணி. காலைப் பந்தியில் மயிலாத்தாள் நேரே நின்று, இலை மேல் இலையாக, "நல்லா சாப்பிடுங்க சம்பந்தியம்மா, எங்க காட்டு லெட்டூஸுங்க," என்று வைத்து வைத்துத் தின்ன வைத்திருந்தாள். கண்ணாடி மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கி, வாயிலிருந்து மடிக்கு இறங்கி, பட்டுச்சேலை சரிந்து, கோயமுத்தூர்ச் சம்பந்தியம்மா வீடியோக்காரர் விளக்குக்கு நேராகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பாவாயி ஓடிப்போய் அவள் காலடியில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் போட்டாள். பாப்பா கேட்டது, தெரிந்த குரல் என்று கண்டுகொண்டது, வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. தாலி கட்டுகிறபோது கெட்டிமேளம் கொட்டியும் இரண்டு பேரும் அசையவில்லை.

விழித்தபோது சாந்தாமணிக்கு எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. "மாத்திரை போட்டும் தூக்கம் வராதுங்க எனக்கு, எத்தன வருசமா," என்றாள், குரலில் அந்தச் சிரிப்பு இல்லை. ரேணுகா மாலையும் கழுத்துமாக வந்து, கீழே கிடந்த கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, மாமியாருக்குப் போட்டுவிட்டாள். செங்காட்டுப்புதூர் வெயில் பட்டதும் பாவாயியின் இடுப்பு முடிச்சு பழையபடி தூங்கிக் குறட்டை விட்டது. மறுவீட்டுக்கு வந்த சாந்தாமணி மறுநாள் போவதாகச் சொல்லி, வைக்கோல் சாளையில் பாய் போட்டு, புரட்டாசி வரைக்கும் போகவில்லை. இப்போது மாசம் தவறாமல் வருகிறாள், மயிலாத்தாளும் அவளும் கிழக்குப்பக்கம் பக்கத்துப் பக்கத்தில் படுத்து, யார் குறட்டை பெரிசு என்று விழித்ததும் சண்டை போடுவார்கள்.

பறிக்காமல் விட்ட செடிகள் தண்டு நீண்டு, மஞ்சளாகப் பூத்து, பஞ்சு வைத்துக் காய்ந்தன. அந்தத் தலைகளைத்தான் பாவாயி இப்போது கசக்கிக்கொண்டிருக்கிறாள். வாங்கின விதையாவது ஊறின பிறகுதான் குறட்டை விட்டது, இது பிறந்த இடமே செங்காட்டுப்புதூர் என்பதால் காய்ந்தபடியே குறட்டை விடும். வெயில் கூரைக்கு வந்துவிட்டது. முறத்தில் ஓரமாக ஒன்று ஆரம்பித்தது, பக்கத்தில் இன்னொன்று, பிறகு எல்லாம்.

அவள் கையை நிறுத்திவிட்டுத் தொட்டில் பக்கம் பார்த்தாள். தொட்டில் காலி. பாப்பா நடக்கப் பழகி, வாசலில் கோழிக்குப் பின்னால் போய், களைத்து, வேப்பமரத்தடி மண்ணிலேயே குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அங்கே குறட்டை எட்டாது. யோசித்துப் பார்த்தால் மாசியிலிருந்தே அதற்கு எந்தச் சத்தமும் வேண்டியிருக்கவில்லை. அப்படியென்றால் இத்தனை நாளாக, பாப்பாவுக்கு, பாப்பாவுக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தது யாருக்காக?

பாவாயி அக்கம்பக்கம் பார்த்தாள். முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளி மஞ்சள் துணியில் வைத்தாள். இது பாப்பாவுக்கில்லை, ரேணுகாவுக்கில்லை, ரெண்டு சம்பந்திகளுக்கும் இல்லை, "இது எனக்கு," என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முடிச்சை இறுக்கினாள். இன்றைக்கு ஒரு பொழுதாவது அடுப்பைப் பார்க்காமல், மாட்டைப் பார்க்காமல், காலை நீட்டி, ஊரே எழுப்பினாலும் எழுந்திருக்காமல், வைக்கோலில் தலையைச் சாய்த்துச் சித்தே...

"பாவாயீ! ஏம்புள்ள பாவாயீ! கோயமுத்தூர்ச் சம்பந்தி வந்தாச்சு, சீக்கரம் வா!"

"இதோ வந்தனுங்க அத்தை!" என்று ஊருக்கே கேட்கிறமாதிரி ஒரு சத்தம் கொடுத்து, முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தவள், முறத்தை மெள்ளச் சுவரோரம் சாய்த்துவைத்து, ஒரு டம்ளர் காப்பி கொடுத்துவிட்டு உடனே வந்து படுத்துக்கொள்ளலாம் என்று...